மலையில் அவள் பார்த்த ஒரே இடம்

அத்தியாயம் 11

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்கு நாலு வரி. படித்தவர்கள் தாண்டிப் போங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் மலைப் பேருந்து ஓட்டியவன். ஒரே பாதை. அடிவாரத்திலிருந்து மேலே உள்ள ஊர் வரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. என் மனைவி நாலு வருடத்துக்கு முன்னால் மகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாகப் போனாள். அந்தக் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூடமும் போகிறது. போனவள் திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும்.

அடுத்த மாதம் மகளுக்கு வெளிநாட்டில் வேலை. குடும்பத்தோடு போகிறார்கள். என் மனைவியும் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு தடவை காரில் அந்த மலைக்குப் போக வேண்டும் என்றாளாம். நல்ல இடமாகப் பார்த்து, நின்று நின்று போக வேண்டுமாம். எங்கெங்கே நிற்கலாம் என்று கேட்டு மகள் என்னிடம் வந்தாள். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, காரில் ஒரு சீட்டு காலி. அது எனக்கு வேண்டுமென்றால் நான் கொடுக்கும் பட்டியலில் ஒரு இடம் இருந்தாக வேண்டும். எந்த இடம் என்று என் மனைவி சொல்ல மாட்டாள். நானே சொல்ல வேண்டும்.

கார் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது. இன்று வெள்ளி.

காலை ஏழு மணிக்கே மகள் வந்துவிட்டாள். நேரே சமையலறைக்குள் போனாள். போனவள் அங்கேயே நின்றாள்.

"என்னப்பா, ஒரே ஒரு டம்ளர்தான் வெளிய இருக்கு?"

"ஒருத்தன்தானே இருக்கேன்."

அலமாரியைத் திறந்து இன்னொரு டம்ளரை எடுத்துத் தூசி போகக் கழுவினாள். டீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து போனை என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. எட்டு இடம் எடுத்து வச்சிருக்கேன். எல்லாம் ஜனங்க போய்ப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு மார்க் போட்ட இடம்."

"யாரு போட்டது?"

"போனவங்கப்பா."

"அவங்க வீடு எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"அது எப்படித் தெரியும்?"

"ஊர் பேர் தெரியாதவன் சொன்ன இடத்துல புள்ளைங்கள இறக்கி நிறுத்தப் போற. நல்லா இருக்கு."

எட்டில் ஐந்தை அடித்தேன். ஒன்று, வளைவு முடிந்த கையோடு வரும் இடம். மேலிருந்து இறங்குகிறவன் கண்ணுக்கு நம் கார் தெரிவதற்குள் மோதிவிடுவான். இரண்டு இடத்தில் சாலையைக் குறுக்கே கடந்தால்தான் பள்ளத்தாக்குப் பக்கம் போக முடியும். அங்கெல்லாம் ஏறும்போது நிற்கக் கூடாது, இறங்கும்போதுதான் நிற்க வேண்டும். ஒன்று வெறும் மண் ஓரம், மழை பெய்தால் கூடவே கீழே போய்விடும். ஐந்தாவது இடத்தில் கடைக்காரன் ஒருவன் 'காட்சி முனை' என்று தானே பலகை எழுதி வைத்திருக்கிறான். அங்கே காட்சி என்பது அவன் கடைதான்.

"மிச்சம் மூணு தேறுது," என்றாள் மகள். "அதுல அம்மா நினைச்ச இடம் இருக்கா?"

"அவ எதை நினைச்சான்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுப்பா."

அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு யார் சத்தியத்திலும் நம்பிக்கை கிடையாது. இவள் முகமோ தாய் முகம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. 'அந்த மலையில நான் நல்லாப் பார்த்தது ஒரே ஒரு இடம்தான். அது எதுன்னு அவரு சொல்லட்டும்'னாங்க. அவ்வளவுதான்."

என் மனைவி அந்த மலைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. கல்யாணமாகி மூன்றாவது வாரம். காலை முதல் நடையில் ஏறி, அடுத்த நடையில் என்னோடே இறங்கிவிடுவது என்று ஏற்பாடு. என் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி மலையில், "கொஞ்சம் நிறுத்துங்களேன், பார்க்கணும்," என்றாள். நான் திரும்பாமலே சத்தமாகச் சொன்னேன்.

"இதென்ன உங்கப்பன் வீட்டு வண்டியா, நினைச்ச இடத்துல நிறுத்த?"

பேருந்தே சிரித்தது. நல்ல வேடிக்கை செய்துவிட்டதாக நினைத்து டிப்போவிலும் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இதை இன்றுதான் மகளிடம் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா முகம் எப்படிப்பா இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரோட்டைப் பார்ப்பேனா, பின்னாடி பார்ப்பேனா?"

"அப்ப அந்த இடமாத்தான் இருக்கும். எந்த வளைவு?"

"சொன்னது ஞாபகம் இருக்கு. எங்க வச்சுச் சொன்னேன்னுதான் ஞாபகம் இல்ல."

"முப்பத்தொரு வருஷம் ஓட்டினீங்க!"

"அதனாலதான் ஞாபகம் இல்ல. ஒரு தடவை போனவனுக்குத்தான் இடம் ஞாபகம் இருக்கும்."

ஆனால் எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. வண்டி மூன்றாவது கியரில் ஓடும்போது நான் யாரையும் திட்டியது கிடையாது, கவனம் போய்விடும். இரண்டாவதிலும் இல்லை. வாயைத் திறந்து அத்தனை சொல்ல நேரம் கிடைத்தது என்றால் வண்டி முதல் கியரில் ஊர்ந்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் பேருந்து முதல் கியருக்கு விழும் வளைவு மூன்றே மூன்று. ஏழு, பதினாலு, பத்தொன்பது.

"மூணையும் போய்ப் பார்த்துடலாம்," என்றேன். "நீ ஓட்டு. நான் பின்னாடி உட்கார்றேன்."

"முன்னாடி உட்காருங்கப்பா. பேசிக்கிட்டே போலாம்."

"பேச வரல. பார்க்க வரேன். அவ எங்க உட்கார்ந்தாளோ அங்க உட்கார்ந்தாத்தான் அவளுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு தெரியும்."

பின் சீட்டில் ஏறினேன். ஓட்டுகிறவளுக்கு நேர் பின்னால், ஜன்னலோரம்.

நான் அதுவரை பின்னால் உட்கார்ந்து அந்த மலை ஏறியதில்லை. கார் அடிவாரத்தைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியபோதே என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் மிதியடிதான் இருந்தது. ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் மகள் அடிக்கவில்லை. நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

என் முகத்துக்கு நேராக ஓட்டுகிறவளின் பிடரிதான் இருந்தது. அதில் ஒரு மச்சம். என் மகளுக்கு அந்த இடத்தில் மச்சம் இருப்பது அவளுக்கு முப்பத்தாறு வயதாகிற வரை எனக்குத் தெரியாது.

"அங்க வெளிநாட்டுல வீடு பார்த்தாச்சா?" என்று கேட்டேன்.

"ம்."

"உங்கம்மாவுக்குத் தனி ரூமா?"

"ம். வளைவு வருதுப்பா."

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது, சரிதான். ஆனால் பிடரியோடு எவ்வளவு நேரம் பேசுவது? வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன்.

ஏழாவது வளைவு. என் ஜன்னலில் பாறை மட்டும் தெரிந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பக்க ஜன்னல்காரனுக்கு. ஏழாவதை அடித்தேன்.

பதினாலில் மகள் காரை ஓரம் கட்டினாள். அங்கே இப்போது நாலு கார் நிற்க இடம் போட்டு, கம்பித் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். இறங்கி தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே ஒரு ஏரி இருந்தது. சின்னதாக, யாரோ தரையில் தட்டை வைத்துவிட்டுப் போன மாதிரி. ஏரியைச் சுற்றி கட்டம் கட்டமாக வயல். நாங்கள் ஏறி வந்த சாலை அவிழ்த்துப் போட்ட கயிறு போல வளைந்து கிடந்தது. ஒரு நாளைக்கு நாலு நடை இந்த வளைவைக் கடந்திருக்கிறேன். இங்கே சாலையின் ஓரத்தில் எத்தனை கல் நட்டிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏரி இருப்பது தெரியாது.

பக்கத்தில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரன் என்னிடம் வந்தான். "ஐயா, கொஞ்சம் எங்களை ஒண்ணு எடுத்துக் குடுக்கறீங்களா?"

போனை என் கையில் கொடுத்தான். ஐந்து பேர். ஒருவர் தோள் மேல் ஒருவர் கை போட்டு நின்றார்கள். எங்கே அமுக்க வேண்டும் என்று அவர்களில் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து காட்டிவிட்டுத் திரும்பவும் ஓடிப் போய் நின்றாள். அமுக்கினேன். பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். என் கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்ததாம். "பரவாயில்ல ஐயா," என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இதுதான்," என்றேன் மகளிடம். "இதைப் பார்க்கத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கா."

"நிச்சயமாவா? அம்மாகிட்ட ஒரு தடவைதான் சொல்ல முடியும். தப்புன்னா அவ்வளவுதான்."

"ஒரே தடவையா? இது என்ன பரீட்சையா?"

"நீங்க எத்தனை தடவை நிறுத்தினீங்க?"

இந்தக் கேள்வி அவளுடையது இல்லை, அவள் அம்மாவுடையது. யோசித்துப் பார்த்துவிட்டு, "பத்தொன்பதையும் பார்த்துட்டே சொல்லுவோம்," என்றேன். மூன்று இருக்கும்போது இரண்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவன் நான் இல்லை.

பதினாறு தாண்டியதும் வாயில் எச்சில் ஊறியது. டீ என்று நினைத்தேன். பதினேழில் நெற்றி வேர்த்தது. ஓட்டுகிறவனுக்கு இது வராது. கை ஸ்டீயரிங்கில் இருந்தால் அடுத்த வளைவு எப்போது, எவ்வளவு என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பின்னால் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வளைவு அவனைத் தூக்கி இந்தப் பக்கம் போடும், அந்தப் பக்கம் போடும். என் பின்னால் எத்தனை பேர் வாந்தி எடுத்திருப்பார்கள்! "வெளிய எடு, வண்டிய நாறடிக்காத," என்று எத்தனை பேரைக் கத்தியிருப்பேன்!

வயிறு மேலே ஏறியது. முப்பத்தொரு வருடம் மலையில் வண்டி ஓட்டியவனுக்கு மலையில் வாந்தி வருகிறது என்று எந்த வாயால் பெற்ற மகளிடம் சொல்வது?

"பாப்பா, கொஞ்சம் நிறுத்து," என்றேன். "பார்க்கணும்."

"இங்கயா? இங்க என்னப்பா இருக்கு பார்க்க? ரெண்டு பக்கமும் சுவரு." திரும்பாமலே சொன்னாள். "வளைவுகிட்ட நிறுத்தாதன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் எல்லாம் துண்டுக்குள் வந்துவிட்டது. சத்தம் கேட்டு அவள் பதறிப் போய், கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் நிறுத்தி ஓடிவந்து கதவைத் திறந்தாள். பாட்டில் தண்ணீரை என் கையில் ஊற்றினாள். முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சொல்ல வேண்டியதுதானேப்பா, வாந்தி வருதுன்னு? பார்க்கணும்னு சொன்னா நான் என்ன நினைப்பேன்?"

"வெக்கமா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் முன்பு கல்யாணமான பெண். பேருந்து நிறையத் தெரியாத ஜனம். முன்னால் ஒரு பிடரி. அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்? பார்க்கணும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அது ஏழோ பதினாலோ பத்தொன்பதோ, எதுவாக இருந்தால் என்ன? அவள் ஏரியையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மிச்ச வளைவெல்லாம் வந்திருக்கிறாள். சிரித்த அத்தனை பேருக்கு நடுவில். மேலே போய் இறங்கும்போது, 'அண்ணி கண்ணை மூடித் தூங்கிட்டே வந்தாங்க' என்று கண்டக்டர் சொன்னான். நானும் தூக்கம் என்றே வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் அவள் நல்லாப் பார்த்த இடம்?

அன்று மேலே போய்ச் சேர்ந்ததும் நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "அண்ணே, அண்ணி ரொம்ப நேரமா பின்னாடி இருக்கிற குழாய்கிட்டயே நிக்கிறாங்க. டீக்குக் கூப்பிடட்டுமா?" என்றான்.

"வருவா, விடு," என்றேன். இரண்டாவது டீயும் குடித்தேன்.

"பாப்பா, வண்டிய எடு," என்றேன்.

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"மேல போ. பஸ் ஸ்டாண்டுக்கு."

"பத்தொன்பது?"

"அதை விடு."

முன் சீட்டில் ஏறச் சொன்னாள். நான் பின்னாலேயே உட்கார்ந்தேன்.

மேல் ஊர் பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். நேரக் காப்பாளர் அறை மட்டும் பழையதுதான். அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் ஒரு சந்து. ஒரு பக்கம் அந்த அறையின் பின்சுவர், மறுபக்கம் கழிப்பறையின் சுவர். நடுவில் இடுப்பு உயரத்தில் குழாய். கீழே சிமெண்டுத் தொட்டி, அதில் காய்ந்த இலையும் கிழிந்த டிக்கெட்டும். சுவரில் கிழிந்த நோட்டீஸ். அங்கிருந்து மலையும் தெரியாது, வானமும் ஒரு கை அகலம்தான் தெரியும். மலையேறி வந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தது இதைத்தான்.

"இங்க எதுக்குப்பா?" என்றாள் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது டீ வரைக்கும். அவள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு. இந்தக் குழாய்னு சொல்லு."

"அப்பா, நல்லா யோசிச்சுக்குங்க. ஒரு தடவைதான். டூர் போறப்ப நிக்கிற இடமாப்பா இது? பதினாலு எவ்வளவு நல்லா இருந்துச்சு. அதைச் சொன்னாக்கூட அம்மா..."

"பதினாலு பட்டியல்ல இருக்கட்டும். புள்ளைங்க பார்க்கட்டும். அவளுக்கு இதுதான்."

போட்டாள். எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, அப்பா இடத்தைச் சொல்லிட்டாரும்மா. மேல பஸ் ஸ்டாண்டுல... பின்னாடி இருக்கிற குழாயாம்."

அந்தப் பக்கம் ஏதோ அடுப்பில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அணைத்திருப்பாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

நாலு வருடம் கழித்து நான் கேட்ட அவள் குரல். என்னைப் போலவே அவளும் யாரையும் நம்புவதில்லை. என்னோடு இருந்து கற்றுக்கொண்டதாக இருக்கும்.

"யாரும் இல்லம்மா. வர்ற வழியில அப்பாவுக்கு வாந்தி."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"பின்னாடி உட்கார்ந்தாரா?"

"ஆமாம்மா."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் குழாய்ல தண்ணி வருதான்னு பார்க்கச் சொல்லு."

திருகினேன். உள்ளே எங்கோ காற்று புஸ்ஸென்றது. இன்னும் திருகினேன். ஒரு சொட்டு இல்லை. கீழே குனிந்து குழாயின் வாயில் விரல் விட்டுப் பார்த்தேன். துரு ஒட்டியது.

மகள் போனைக் கையால் மூடிக்கொண்டு என் காதருகே வந்தாள். "வருதுன்னு சொல்லிடுங்கப்பா. எதுக்கு வம்பு? நல்லபடியா முடியட்டும்."

அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது, வேறு சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. இத்தனை வருடமும் 'இந்தா' என்றுதான் ஓடியிருக்கிறது.

"வரலை," என்றேன்.

"அன்னிக்கும் வரலை," என்றாள்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஒரு பேருந்து ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. அவன் நாலு முறை முன்னும் பின்னும் போய்த் திருப்பி, கிளம்பியும் போய்விட்டான். அது வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் பற்றி அவளாகச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

"இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்," என்றாள்.